எலியின் இரத்தத்தில் ஓர் அளவுகோல்

ஆரணி, கண்ணமங்கலம் வட்டாரத்தில் தறியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பட்டு நூலின் தரம் தெரியும். சாயத்தின் குணமும் தெரியும். ஆனால் அந்த நூலைத் தந்த புழுவின் உடலில் ஒரு பொருள் அறவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? நம் உடலில் உண்டு. ஆட்டின் உடலில் உண்டு. கோழியிலும் எலியிலும் உண்டு. கடலில் திரியும் சுறாமீனிலும் உண்டு. பட்டுப்புழுவில் மட்டும் இல்லை. எந்தப் பூச்சியிலும் இல்லை. அதன் பெயர் எதிர்ப்பொருள். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து 'ஆன்டிபாடி' என்றும் சொல்கிறோம்.

நோய்க் கிருமியோ அதன் நஞ்சோ உடலுக்குள் புகுந்தால், அதற்கெனத் தனியாகச் செய்யப்பட்டு இரத்தத்தில் மிதந்து வரும் புரதமே எதிர்ப்பொருள். தடுப்பூசி போட்டுக்கொள்வதன் நோக்கங்களுள் முதன்மையானது இதை முன்கூட்டியே உண்டாக்கி வைப்பது. நல்லது, ஊசி போட்டாயிற்று. எதிர்ப்பொருள் உண்டாயிற்றா? எவ்வளவு உண்டாயிற்று? அந்த அளவு போதுமா? கண்ணுக்குத் தெரியாத இப்பொருளை மனிதன் எவ்வாறு அளக்கக் கற்றுக்கொண்டான்? இந்தக் கதையில் ஆய்வுக்கூடத்து வெள்ளை எலிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. நம் குன்னூருக்கும் வேலூருக்கும் பங்கு உண்டு.

பாஸ்டரும் பட்டுப்புழுவும்

1865ஆம் ஆண்டு. பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அவற்றின் உடலில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. 'பெப்ரின்' என்று பெயரிடப்பட்ட அந்நோயை ஆராய லூயி பாஸ்டர் அனுப்பப்பட்டார். ஐந்து ஆண்டுகள் உழைத்தபின் அவர் சொன்ன வழி மிக எளியது. தாய்ப்பூச்சியைத் தனியே முட்டையிடச் செய்யுங்கள். பிறகு அதன் உடலை அரைத்து நுண்பெருக்கியில் பாருங்கள். நோயணுக்கள் தென்பட்டால் அந்த முட்டைகளை அழித்துவிடுங்கள். இன்றும் பட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில் தாய்ப்பூச்சியை இவ்வாறே சோதிக்கிறார்கள்.

புழுவுக்கு ஏன் தடுப்பூசி தேடவில்லை? தேடியிருந்தாலும் எதிர்ப்பொருளை உண்டாக்கும் ஊசி அதற்குப் பயன்பட்டிராது. பூச்சிகள் நோயை எதிர்க்கும் முறை வேறு. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுவீடன் நாட்டு அறிவியலார் ஹான்ஸ் போமனின் குழு, அமெரிக்கப் பட்டுப்பூச்சி இனம் ஒன்றின் உடலில் பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதங்களைக் கண்டது. அவை பல கிருமிகளையும் பொதுவாகத் தாக்குபவை. எதிர்ப்பொருளைப் போல ஒரு குறிப்பிட்ட கிருமிக்கென்றே செய்யப்பட்டவை அல்ல.

பட்டுப்புழுவை விட்டு முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு வந்தபோதுதான் பாஸ்டருக்குத் தடுப்பூசியின் கதவு திறந்தது. கோழிக் காலரா, ஆட்டு ஆந்த்ராக்ஸ், 1885இல் வெறிநாய்க்கடி என்று வெற்றிகள் தொடர்ந்தன. அந்த வெறிநாய்க்கடி மருத்துவத்தை நம் பகுதிக்குத் தருவதற்காக 1907இல் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் தோன்றியது. ஆனால் பாஸ்டர் காலத்தில் தடுப்பூசி பலித்ததா என்று அறிய ஒரே வழிதான் இருந்தது. ஊசி போட்ட விலங்குக்கு நோயைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், பிழைத்தால் பலித்தது. மனிதரிடம் இந்தச் சோதனையைச் செய்ய இயலாதன்றோ?

முதல் அலகு

1890 டிசம்பரில் பெர்லினில் எமில் ஃபான் பெரிங், ஜப்பானியரான கிடசாடோ ஷிபாசபுரோ ஆகிய இருவரும் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். டெட்டனஸ் நஞ்சைத் தாங்கப் பழக்கப்பட்ட முயலின் இரத்தத்தை எடுத்து, உறையவிட்டு, மேலே தெளியும் மஞ்சள் நீரைச் சுண்டெலிக்குச் செலுத்தினார்கள். அந்த நீரைச் சீரம் என்கிறோம். சுண்டெலி டெட்டனஸிலிருந்து தப்பியது! பாதுகாப்பு தருவது இரத்தத்தில் கரைந்துள்ள ஒரு பொருள் என்பது இதனால் உறுதியாயிற்று.

அளவு என்ற கேள்வி உடனே எழுந்தது. தொண்டை அடைப்பானுக்குக் குதிரைச் சீரம் மருந்தாக வந்தது. ஒரு புட்டி உயிரைக் காத்தது. இன்னொரு புட்டி கைவிட்டது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. 1897இல் பால் எர்லிக் இதற்கு ஓர் ஒழுங்கு தந்தார். 250 கிராம் எடையுள்ள கினிப்பன்றியைக் கொல்லப் போதுமான நஞ்சின் நூறு மடங்கை எடுத்துக்கொண்டார். அதை முறிக்கத் தேவையான சீரத்தின் அளவை ஓர் அலகு என்றார். ஒரு மாதிரிச் சீரத்தை உலர்த்தி, காற்றும் ஒளியும் படாமல் குளிரில் பாதுகாத்தார். சந்தையில் எடைக்கல்லை அரசு முத்திரைக் கல்லோடு ஒப்பிடுவது போல, மற்றச் சீரங்களை அதனுடன் ஒப்பிடலாம். எதிர்ப்பொருளுக்கு ஒரு முத்திரைக்கல் கிடைத்துவிட்டது.

சாயத்தொட்டிக் கணக்கு

1896இல் வியன்னாவில் மாக்ஸ் குரூபரும் ஹெர்பர்ட் டர்ஹாமும் இன்னொரு வழியைக் கண்டார்கள். நோயிலிருந்து தேறிய உயிரின் சீரத்தை அந்த நோயின் பாக்டீரியாக்களோடு கலந்தால், அவை திரண்டு கட்டியாகி அடியில் படிகின்றன. எதிர்ப்பொருளுக்குப் பிடிக்கும் கைகள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஒரு கையால் ஒரு பாக்டீரியாவையும் மறு கையால் அடுத்ததையும் பற்றுவதால் திரள்கிறது. அதே ஆண்டில் பாரிஸில் விடால் இதை டைஃபாய்டு காய்ச்சலைக் கண்டறியப் பயன்படுத்தினார். 'விடால் சோதனை' என்ற பெயரை நீங்கள் ஆய்வுக்கூடச் சீட்டுகளில் பார்த்திருக்கலாம். அதில் 1:80, 1:160 என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்களின் பொருள் என்ன?

சாயம் தோய்க்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டியில் அடர்ந்த சாயக் கரைசல் இருக்கிறது. அதில் ஒரு பங்கை எடுத்து ஒரு பங்கு நீர் சேர்த்தால் அடர்த்தி பாதியாகும். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடி நீர் சேர்த்தால் கால் பங்கு. இப்படியே போனால் ஒரு கட்டத்தில் வெள்ளை நூலில் நிறமே ஏறாது. முதல் தொட்டியின் சாயம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அதிகத் தடவை நீர்க்க வேண்டியிருக்கும். ஆகவே எத்தனையாவது கலவையில் நிறம் நின்றது என்று எண்ணினால், முதல் தொட்டியின் செறிவை ஊகிக்கலாம்.

சீரத்தையும் இப்படியே நீர்க்கிறார்கள்: 1:10, 1:20, 1:40, 1:80, 1:160 என்று. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பாக்டீரியாவையோ சிவப்பணுவையோ சேர்க்கிறார்கள். திரட்சி கடைசியாகத் தென்பட்டது 1:160இல் என்றால், அந்தச் சீரத்தின் 'டைட்டர்' 160. இதை எதிர்ப்பொருள் வீச்சு என்று சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தால் முதல் குழாய்களில் திரட்சியே தோன்றாமல் போகலாம்! ஏனெனில் ஒவ்வொரு பாக்டீரியாவையும் தனித்தனி எதிர்ப்பொருள்கள் மொய்த்துக்கொள்கின்றன. இரண்டை இணைக்கும் பாலமாக நிற்க எந்தக் கைக்கும் இடமில்லை. நீர்க்க நீர்க்கத்தான் திரட்சி வெளிப்படும். முதல் குழாயை மட்டும் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று எழுதுபவர், மிக அதிகமாக உள்ளதை இல்லை என்று சொல்லிவிடுவார். அளப்பவர் ஏன் முழு வரிசையையும் பார்க்க வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதா?

வீச்சு ஒரு ஒப்பளவே, எடையன்று. எதிர்ப்பொருளை எடையாக அளந்து காட்டியவர்கள் நியூயார்க்கின் மைக்கேல் ஹைடல்பெர்கரும் ஃபாரஸ்ட் கெண்டலும் ஆவர். 1929இலிருந்து அவர்கள் செய்த சோதனைகளில் ஓர் அழகான தந்திரம் இருந்தது. நிமோனியாக் கிருமியின் மேலுறைச் சர்க்கரையில் நைட்ரஜன் இல்லாத ஒரு வகையை எடுத்துக்கொண்டார்கள். அது எதிர்ப்பொருளோடு சேர்ந்து வீழ்படிவாகும். அந்த வீழ்படிவில் இருக்கும் நைட்ரஜன் முழுவதும் புரதமான எதிர்ப்பொருளிலிருந்தே வந்திருக்க வேண்டும். நைட்ரஜனை அளந்தால் எதிர்ப்பொருளின் எடை தெரிந்துவிடும்! 1939இல் சுவீடனில் டிசேலியசும் கபாட்டும் அது சீரத்தின் காமா குளோபுலின் பகுதியில் இருப்பதைக் காட்டினார்கள்.

எலி ஏன்?

முயலும் கினிப்பன்றியும் இருக்க, எலி எப்படி வந்தது? 1906இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர விஸ்டார் நிலையத்தில் வெள்ளை எலிகளை ஒழுங்கான முறையில் வளர்க்கத் தொடங்கினார்கள். அங்கே ஹெலன் டீன் கிங் என்ற அம்மையார் உடன்பிறந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்து வளர்த்தார். இப்படி வளர்த்தால் எலிக்கு எலி பிறவி வேறுபாடு குறையும். ஒரே பாவில் நெய்த சேலைகளைப் போல அவை ஒத்திருக்கும். அப்போதுதான் இரண்டு கூட்டங்களிடையே தோன்றும் வேறுபாடு, நாம் கொடுத்த உணவாலோ ஊசியாலோ வந்தது என்று துணிந்து கூற முடியும். எலி வளர்ந்ததும் சுண்டெலியைப் போலப் பத்து மடங்கு எடை இருக்கும். 250 கிராம் எலியின் உடலில் ஏறத்தாழ 16 மில்லிலிட்டர் இரத்தம் உண்டு. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வால் நரம்பிலிருந்து எடுத்தால் எலிக்குத் தீங்கில்லை. அதே எலியைச் சில வாரங்கள் கழித்து மறுபடியும் அளக்கலாம்.

இந்த எலி நம் மலைக்கும் வந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே 1928இல் உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1958இல் ஹைதராபாதுக்கு இடம் மாறி, 1969இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்ற பெயர் பெற்றது. 1920இல் குன்னூருக்கு வந்த விஸ்டார் எலிகளின் வழிவந்த இனம் அதன் பெயரையே தாங்கி ஆய்வுக்கூடங்களில் வாழ்கிறது.

மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கலந்த சீக்கியர் உணவு உண்ட எலிகள் எடையில் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலையும் காய்கறியையும் குறைவாகவும் கொண்ட அன்றைய சென்னை மாகாண உணவு உண்டவை கடைசியில் நின்றன. குறையுணவு தின்ற எலிகளுக்கு நுரையீரல் நோயும் குடல் நோயும் மிகுதியாக வந்ததையும் அவர் கண்டார்.

ஒரே கூரையின்கீழ் ஒரு பக்கம் தடுப்பு மருந்தும் மறு பக்கம் உணவும் ஆராயப்பட்டன. இரண்டையும் இணைக்கும் கேள்வி ஒன்று உண்டு: உணவு குறைந்தால் எதிர்ப்பொருளும் குறையுமா? இதற்கு விடை தேடிய புகழ்பெற்ற சோதனைகள் 1940களில் அமெரிக்காவில் நடந்தன. புரதம் குன்றிய விலங்குகளில் எதிர்ப்பொருள் குறைவதைச் சிகாகோவில் பால் கேனன் காட்டினார். ஏ. ஈ. ஆக்சல்ராடும் துணைவர்களும் எலிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வைட்டமினாக நீக்கிப் பார்த்தார்கள். எலிக்கு மனித இரத்தச் சிவப்பணுக்களை ஊசியாகச் செலுத்தினார்கள். பிறகு அதன் சீரம் எத்தனை மடங்கு நீர்த்தும் சிவப்பணுக்களைத் திரட்டுகிறது என்று அளந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வைட்டமின் குறைந்த எலிக்குப் பசி குறையும். அது குறைவாகத் தின்னும். அப்படியானால் எதிர்ப்பொருள் குறைந்தது வைட்டமின் இல்லாமையாலா, பட்டினியாலா? இதைப் பிரித்தறிய இன்னொரு கூட்டம் எலிகளுக்கு எல்லா வைட்டமின்களும் கொடுத்து, உணவின் அளவை மட்டும் குறைத்தார்கள். அவை மெலிந்தன, ஆனாலும் எதிர்ப்பொருளை நன்றாக உண்டாக்கின. பிரிடாக்சின், பான்டோதெனிக் அமிலம் ஆகிய வைட்டமின்கள் இல்லாத எலிகளோ மிகக் குறைவாகவே உண்டாக்கின. சோதனையின் உயிர் அந்த ஒப்பீட்டுக் கூட்டத்தில்தான் இருந்தது.

எலி சொன்னதை மனிதனுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. குழந்தைகளிடமும் பார்த்தாக வேண்டும். 1964இல் ஹைதராபாதில் வினோதினி ரெட்டியும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தையாவும் குவாஷியோர்க்கர் என்னும் புரதக் குறை நோயுற்ற குழந்தைகளின் எதிர்ப்பொருள் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அக்குழந்தைகளிடம் எதிர்ப்பொருள் குன்றியிருந்தது. குன்னூரில் ஒரு அறையில் தொடங்கிய நிறுவனம் எலியிலிருந்து குழந்தைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எந்த அணு செய்கிறது?

எதிர்ப்பொருளை அளந்ததோடு எலியின் பணி முடியவில்லை. அதைச் செய்யும் அணு எது என்பதையும் எலியே காட்டிக்கொடுத்தது. 1958இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கஸ்டவ் நாசலும் ஜோஷுவா லெடர்பர்கும் எலிகளுக்கு இரண்டு வகை சால்மொனெல்லா பாக்டீரியாக்களின் பொருள்களைச் செலுத்தினார்கள். பிறகு நிணநீர்க் கணுவிலிருந்து அணுக்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறு துளியில் வைத்தார்கள். துளிக்குள் நீந்தும் பாக்டீரியாவை விட்டார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் பாக்டீரியாவின் நீச்சல் நின்றுவிடும். சில துளிகளில் முதல் வகை நின்றது. சிலவற்றில் இரண்டாம் வகை நின்றது. இரண்டையும் நிறுத்திய அணு ஒன்றுகூட இல்லை. ஓர் அணு ஓர் எதிர்ப்பொருளையே செய்யும் என்ற கொள்கைக்கு இது வலுவான சான்றாயிற்று.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலியின் மார்பு நிணநீர்க் குழாயில் மெல்லிய குழலைச் செருகி, லிம்ஃபோசைட் அணுக்களைப் பல நாட்கள் வடித்தெடுத்தார். அவை வற்றிய எலிக்குப் புதிய பொருளொன்றை ஊசி போட்டால் எதிர்ப்பொருள் சரியாகத் தோன்றவில்லை. அணுக்களைத் திருப்பிச் செலுத்தினால் மறுபடி தோன்றியது. அதுவரை என்ன வேலை செய்கிறது என்றே தெரியாதிருந்த சிறு லிம்ஃபோசைட், நோய்த் தடுப்பின் நடுநாயகமாயிற்று.

நிறத்தால் அளக்கும் எலைசா

1971இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் ஒரு புதிய முறையை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் நெதர்லாந்தில் வான் வீமன், ஸ்கூர்ஸ் இருவரும் தனியே அதே வழியை அடைந்தார்கள். இதுவே இன்று எங்கும் வழங்கும் 'எலைசா'. எலியின் எதிர்ப்பொருளை இதனால் எவ்வாறு அளக்கிறார்கள் என்று பார்ப்போம்.

உள்ளங்கை அகல ஞெகிழித் தட்டில் 96 சிறு குழிகள் உள்ளன. குழியின் அடியில் கிருமியின் புரதத்தை ஒட்டவைக்கிறார்கள். வெற்றிடங்களில் வேறெதுவும் ஒட்டாதிருக்க, தொடர்பற்ற ஒரு புரதத்தால் அவற்றை அடைக்கிறார்கள். பிறகு நீர்த்த எலிச் சீரத்தை இடுகிறார்கள். கிருமிக்குரிய எதிர்ப்பொருள் இருந்தால் பற்றிக்கொள்ளும். மற்றவை கழுவும்போது போய்விடும். அடுத்து, எலியின் எதிர்ப்பொருளையே பற்றக்கூடிய இன்னோர் எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். இது ஆட்டிலிருந்தோ முயலிலிருந்தோ பெறப்பட்டது; இதன் முதுகில் ஒரு நொதி கட்டப்பட்டிருக்கும். மீண்டும் கழுவி, நிறமற்ற ஒரு பொருளை ஊற்றினால் நொதி அதை நிறமுள்ளதாக மாற்றுகிறது. எதிர்ப்பொருள் எவ்வளவோ அவ்வளவு நொதி. நொதி எவ்வளவோ அவ்வளவு நிறம். ஒளிமானி அந்த நிறத்தை எண்ணாகச் சொல்லிவிடும்.

தட்டில் சீரங்கள் மட்டும் இருந்தால் போதாது. ஊசி போடாத எலியின் சீரம், ஊசிக்கு முன் எடுத்த சீரம், அளவு தெரிந்த மாதிரிச் சீரம் ஆகியவையும் அதே தட்டில் இருக்க வேண்டும். எர்லிக்கின் முத்திரைக்கல் இங்கும் தொடர்கிறது. எந்த நாளில் இரத்தம் எடுத்தோம் என்பதும் முக்கியம். முதல் ஊசிக்கு ஒரு வாரம் கழித்துத் தோன்றும் எதிர்ப்பொருளில் ஐஜிஎம் என்ற வகை முந்தி வரும். இரண்டாம் ஊசிக்குப் பின் ஐஜிஜி வகை விரைவாகவும் மிகுதியாகவும் எழும். நாளைக் குறிக்காத அளவுக்குப் பொருளில்லை.

சராசரி காண்பதிலும் மாணவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். நான்கு எலிகளின் வீச்சு 20, 40, 80, 640 என்று வைத்துக்கொள்வோம். கூட்டி நான்கால் வகுத்தால் 195 வரும். ஆனால் நான்கில் மூன்று எலிகள் 80ஐத் தாண்டவே இல்லை! ஒரே எலி கணக்கை இழுத்துவிட்டது. வீச்சு இரட்டித்து இரட்டித்துச் செல்வதால் நான்கையும் பெருக்கி நான்காம் மூலம் காண்பதே முறை. அது 80 வரும். இதைப் பெருக்குச் சராசரி என்கிறோம்.

வேலூரில் எழுந்த கேள்வி

கண்ணமங்கலத்திலிருந்து வடக்கே சிறிது தொலைவில்தான் வேலூர். முன்பு இரண்டும் வட ஆர்க்காடு மாவட்டத்திலேயே இருந்தன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் எதிர்ப்பொருளை அளந்து கண்ட ஓர் உண்மை உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது.

போலியோவுக்கு வாய்வழிச் சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தால் போதும் என்பது அக்கால நம்பிக்கை. செல்வ நாடுகளில் மூன்று தவணை பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ எல்லாரிடமும் எதிர்ப்பொருள் தோன்றியது. மருந்து அதேதான், தவணையும் அதேதான். ஆகவே இங்கும் அப்படியே இருக்கும் என்று கொள்வது இயல்பல்லவா? ஜேக்கப் ஜான் அப்படிக் கொள்ளவில்லை, அளந்து பார்த்தார். குழந்தையின் சீரத்தை நீர்த்து, போலியோ நச்சுயிரோடு கலந்து, வளர்ப்பு அணுக்களின்மேல் விட வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள் பிழைக்கும், இல்லையேல் மடியும். அவரும் பி. ஜெயபாலும் 1972இல் அமெரிக்கத் தொற்றுநோயியல் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மூன்று தவணைக்குப் பிறகும் பல குழந்தைகளிடம் எதிர்ப்பொருள் தோன்றவில்லை. குடலில் வாழும் வேறு நச்சுயிர்கள் தடுக்கின்றன என்ற எளிய விளக்கமும் பொருந்தவில்லை.

இது எவ்வளவு பெரிய செய்தி என்று எண்ணிப் பாருங்கள். மூன்று தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய், 'என் பிள்ளைக்கு இனி பயமில்லை' என்று நம்பித் திரும்பியிருப்பாள். பதிவேட்டிலும் 'முழுமையாகத் தடுப்பு மருந்து பெற்றவர்' என்று எழுதியிருப்பார்கள். அளவு வேறு கதை சொன்னது. 1991இல் வளரும் நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்று தவணைக்குப் பின் எதிர்ப்பொருள் பெற்றவர்களின் பங்கு முதல் வகைக்கு 73 விழுக்காடு, இரண்டாம் வகைக்கு 90, மூன்றாம் வகைக்கு 70 என்று நடுநிலை அளவு வந்தது. முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் எதிர்ப்பொருள் தோன்றவில்லை!

பரிகாரமும் அளவிலிருந்தே வந்தது. 1976இல் ஐந்து தவணை கொடுத்து அளந்த முடிவுகளை ஜேக்கப் ஜான் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். தவணை கூடக்கூட எதிர்ப்பொருள் பெறும் குழந்தைகளின் பங்கு உயர்ந்தது. ஒரே நாளில் ஊர் முழுவதற்கும் மருந்து தரும் முறையையும் வேலூரில் செய்து பார்த்தார்கள். 1995இல் நாடெங்கும் 'பல்ஸ் போலியோ' நாட்கள் தொடங்கின. உங்கள் விரலில் மை வைத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகள் நினைவிருக்கலாம். 'ஏற்கெனவே போட்டோமே, மறுபடியும் ஏன்?' என்ற கேள்வி அன்று பல வீட்டுத் திண்ணைகளில் எழுந்தது. அதற்கான விடை வேலூரின் சோதனைத் தட்டுகளில் முன்பே கிடைத்திருந்தது. இந்தியாவில் இயற்கைப் போலியோ கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹௌராவில். 2014 மார்ச் 27இல் நம் நாட்டையும் சேர்த்துத் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது என்ற சான்று கிடைத்தது.

2015இலிருந்து சொட்டு மருந்தோடு போலியோ ஊசியும் நம் நாட்டில் சேர்க்கப்பட்டது. இங்கே மறுபடியும் வெள்ளை எலி வருகிறது. கொல்லப்பட்ட நச்சுயிரால் ஆன அந்த ஊசிமருந்தின் வீரியத்தை அறிய, அதைப் பல அளவுகளில் நீர்த்து எலிக் கூட்டங்களுக்குப் போடுவது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. மூன்று வாரம் கழித்து எலிகளின் இரத்தத்தை எடுத்து, மூன்று வகை நச்சுயிருக்கும் எதிர்ப்பொருள் தோன்றியதா என்று பார்ப்பார்கள். மாதிரி மருந்தோடு ஒப்பிட்ட பிறகே தீர்ப்பு.

எலிக்கும் ஒரு நீதி

எலி வாயில்லா உயிர். 1959இல் இங்கிலாந்தின் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் மூன்று நெறிகளைக் கூறினார்கள்: இயன்றால் விலங்குக்கு மாற்றைத் தேடு; எண்ணிக்கையைக் குறை; வேதனையைத் தணி. நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதற்கென ஒரு குழுவை அமைக்க வழி செய்தது. முன்பு எலிக்கு நோயைக் கொடுத்துச் சாகிறதா என்று பார்த்தார்கள். பிறகு சில துளி இரத்தம் போதும் என்றாயிற்று. எதிர்ப்பொருளை அளக்கும் கலை வளர வளர எலியின் துன்பம் குறைந்தது. மருந்தில் உள்ள நச்சுயிர்ப் புரதத்தை எலைசாவாலேயே நேராக அளந்து, எலிச் சோதனையை அறவே கைவிடும் முயற்சிகளும் நடக்கின்றன.

நம் ஊர் இரத்தத்தில்

எலியில் பழகிய இந்தக் கலை கடைசியில் நம் வாசலுக்கே வந்தது. 2020இல் கொரோனாத் தொற்றின்போது, எவ்வளவு பேரை நோய் தொட்டுச் சென்றது என்று அறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர் ஆகியவற்றோடு கண்ணமங்கலம் அடங்கிய திருவண்ணாமலை மாவட்டமும் அதில் இருந்தது. முதல் சுற்றில் எலைசா முறையில் அளந்தார்கள். 2020 மே, ஜூனில் நாட்டில் வயது வந்தோருள் எதிர்ப்பொருள் உள்ளவர்கள் 0.73 விழுக்காடு. 2021 ஜூன், ஜூலையில், தடுப்பூசி பெற்றவர்களையும் ஆறு வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, 67.6 விழுக்காடு.

இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. எதிர்ப்பொருளின் அளவும் பாதுகாப்பும் எப்போதும் ஒன்றல்ல. சில நோய்களுக்கு எல்லை தெரியும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பின் சீரத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 அலகு இருந்தால் ஊசி பலித்தது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கொள்கிறது. வேறு பல நோய்களுக்கு அத்தகைய தெளிவான கோடு இல்லை. இரத்தத்தில் அளவு குறைந்தபின்னும் நினைவணுக்கள் உறங்கிக் காத்திருக்கலாம். காசநோய் போன்றவற்றில் எதிர்ப்பொருளைவிட அணுக்களே பெரும்பங்கு ஏற்கின்றன.

மாணவ நண்பர்களே, பட்டு வாங்குபவர் சரிகையின் பளபளப்பை மட்டும் நம்புவதில்லை. உரைத்துப் பார்க்கச் சொல்வார். தடுப்பூசியிலும் 'போட்டாயிற்று' என்ற பதிவுக்கும் 'பலித்தது' என்ற உறுதிக்கும் இடையே ஓர் உரைகல் வேண்டும். எர்லிக்கின் கினிப்பன்றியும், ஆக்சல்ராடின் எலியும், வேலூர்க் குழந்தைகளின் சில துளி இரத்தமும் அந்த உரைகல்லை நமக்குத் தந்தன. அடுத்த முறை ஆய்வுக்கூடச் சீட்டில் 1:160 என்ற எண்ணைக் கண்டால், அதற்குப் பின்னால் இருக்கும் இந்த நூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பை எண்ணிப் பாருங்கள். எந்த நாளில் எடுத்தது, எதனோடு ஒப்பிட்டது என்றும் கேளுங்கள்.